மஞ்சள் பைக்குள் ஒரு வழக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தார். மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார். பட்டா, அடங்கல், கலெக்டர் ஆபீஸ் ஆணை, வக்கீல் எழுதிய மனு.

"எல்லாத்தையும் படிச்சுச் சொல்லு கண்ணு. இதுல எங்கயாச்சும் நான் கையெழுத்துப் போட்டு, வந்து டவர் நட்டுக்கங்கன்னு சொல்லியிருக்கறனா?"

எங்கேயும் சொல்லவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை என்பதை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சம்மதம் கேட்காமல் நிலத்தில் மின்கோபுரம் நடும் அதிகாரம் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. தந்திக் கம்பி கொண்டுபோக யாருடைய நிலத்திலும் கம்பம் நடலாம் என்றது அதன் 10ஆவது பிரிவு. நிலம் உடையவர் பெயரிலேயே இருக்கும், அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அரசுக்கு. சேதத்தைக் கூடுமானவரை குறைக்க வேண்டும், நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். ஒரு கம்பம், இரண்டு கம்பி என்ற அளவில் இதைப் பெரிய கொடுமை என்று சொல்ல மாட்டேன். கம்பத்தைச் சுற்றி ஏர் ஓட்டலாம். கம்பிக்கு அடியில் மாடு கட்டலாம்.

2003இல் வந்த மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, இதே அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கும் அரசு கொடுக்கலாம் என்றது. 800 கிலோவோல்ட் பாதைக்கு ஒதுக்கும் அகலம் 69 மீட்டர். சதுரமான நாலு ஏக்கர் காட்டின் குறுக்கே அது போனால் பாதிக்கு மேல் அந்தப் பட்டைக்குள் அகப்பட்டுவிடும். அங்கே தென்னை வைக்க முடியாது. வீடு கட்ட முடியாது. போர்வெல் வண்டி வந்து தன் துளைக்கம்பத்தை நிமிர்த்த முடியாது. விற்கலாம் என்றால், வாங்க வருகிறவர் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. தந்திச் சட்டத்தையும் நீக்க 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஆனால் மின்பாதைகளுக்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பாகம் தொடர்ந்து செல்லும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். பெரியப்பாவின் தோட்டத்துக்குள் ஆட்கள் நுழைய வழிசெய்த பிரிவுகள் அந்தப் பாகத்தில்தான் இருக்கின்றன.

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பற்றிக்கொள்ளும் கொழுகொம்பு, மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டின் விதி. நில உரிமையாளரின் முன்சம்மதம் வேண்டும் என்கிறது அது. ஆனால் 164ஆவது பிரிவின் அதிகாரத்தை இது கட்டுப்படுத்தாது என்றும் அதே விதி சொல்கிறது. மின்பாதை போடும் பவர்கிரிட்டுக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸுக்கும் நடந்த வழக்கில், 2016 டிசம்பரில், சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. எதிர்த்து நின்றது சுண்ணாம்புக்கல் சுரங்கம் வைத்திருந்த பெரிய கம்பெனி. அவர்களுக்கே அந்தப் பதில்தான். பாதையைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோங்கள் என்று கேட்டாலும், அது வல்லுநர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன.

மிச்சம் இருப்பது பணம். இங்கேதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. நிலத்துக்காரர் மறித்தால், தந்திச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி கலெக்டர் அனுமதி ஆணை போடலாம். அதற்குப் பிறகும் மறித்தால் குற்றம். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போட வேண்டும். அவர் சொல்வதே முடிவு. அதன்மேல் அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தைத்தான் நாட வேண்டும். ஆக, முதலில் குழி, கான்கிரீட், கோபுரம், கம்பி. நியாயமான தொகை எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு. அதையும் விவசாயிதான் வக்கீல் வைத்துக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு நல்ல தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2007இல், கேரள மின்வாரியத்துக்கும் லிவிஷா என்பவருக்கும் நடந்த வழக்கில், எல்லோருக்கும் ஒரே சூத்திரம் போடாதே என்றது உச்ச நீதிமன்றம். நிலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, பாதை ஓரமாகப் போகிறதா, நடுவில் பிளந்துகொண்டு போகிறதா, இதையெல்லாம் பார்க்கச் சொன்னது. ஆனால் ஆபீஸ்களில் சூத்திரம்தான் ஓடியது. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை தந்த வழிகாட்டுதலின்படி கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15. எந்த மதிப்பில்? தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பத்திரம் பதிகிறவர்களுக்கு அது சலுகை. அந்த மதிப்பை வைத்து இழப்பீட்டுக் கணக்குப் பார்த்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தது இந்தக் காலத்தில்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதையும் அன்று அவர்கள் எதிர்த்தவற்றில் ஒன்று. சாலையோரமாகப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்றார்கள். முடியாது என்று பதில் வந்தது. அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் பாதை, கேரளத்துக்குள் ஒரு நீண்ட தூரம் மண்ணுக்கு அடியில் கேபிளாகப் போகிறது. 320ஐப் புதைப்பதும் 800ஐப் புதைப்பதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். செலவும் பல மடங்கு. ஆனாலும் நிலத்தின் நெருக்கடி உறைத்த இடத்தில் மாற்று வழி தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலைத்தான் இங்கேயும் கேட்டார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெரியப்பாவின் மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது. 2024 ஜூனில் புதிய வழிகாட்டுதல் வந்து, கோபுர இடத்துக்கு 200 சதவீதம், பட்டைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் அது வழிகாட்டுதல், சட்டமல்ல. விவசாயிகள் கேட்ட மாத வாடகை அதில் இல்லை. செல்போன் டவருக்கு மாசம் தவறாமல் வாடகை வருகிற ஊரில், தலைமுறைக்கும் நிற்கப்போகும் மின்கோபுரத்துக்கு ஒரே தடவை கணக்கு முடிப்பது எப்படிச் சரியாகும்? தொகை தீர்ந்து, பணம் கணக்கில் ஏறிய பிறகே மண்வெட்டி விழ வேண்டும் என்று சட்டத்தில் எழுதினால் வழக்குகளில் பாதி எழாது என்று நான் நம்புகிறேன்.

பெரியப்பாவின் மனுவுக்கு அடுத்த மாதம் வாய்தா. வக்கீல் மரக் கணக்குக் கேட்டிருக்கிறார். வெட்டிய தென்னை 31 என்று ஆணையில் இருக்கிறது. பெரியப்பா 34 என்கிறார். வெயில் தாழ்ந்ததும் இருவரும் வரப்போடு நடந்து அடிக்கட்டைகளை எண்ணினோம். 31 வந்தது. மீதி மூன்றும் வண்டி ஏறி மண்ணுக்குள் போயிருந்தன. அவர் கைத்தடியால் தட்டித் தட்டி இடத்தைக் காட்டினார். நான் குனிந்து கையால் மண்ணை விலக்கிப் போனில் படம் எடுத்தேன்.