‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதினால் போதுமா? கல்முனைக் கரையில் மருந்தும் மொழியும் நோன்பும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு காலம். அம்பாறைக் கரையோரத்தில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் எனது உறவுக்கார மூத்தம்மா ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அவருக்கு. மூன்றாம் நாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் இருந்து ஒன்பது குளிசைகள் விழுந்தன. எல்லாம் காலையிலும் பகலிலும் விழுங்கக் கொடுக்கப்பட்டவை. அவர் யாருக்கும் சொல்லாமல் நோன்பு பிடித்திருந்தார்.

விடுதிப் பதிவில் ஒவ்வொரு வேளைக்கும் நேரே ‘கொடுக்கப்பட்டது’ என்று ஒப்பம் இருந்தது. அழுத்தம் குறையவில்லையே என்று பார்த்த வைத்தியர், முதல் நாள்தான் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார். கூட்டிய அளவை, பெருநாள் முடிந்த மறுநாள் அவர் ஒழுங்காக விழுங்கத் தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

தாதி பொய் எழுதவில்லை. கையில் கொடுத்தார், எழுதினார். ஆனால் “நோன்பா?” என்று கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் ஓரளவுதான் தெரியும். மூத்தம்மாவும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: “மிஸ்ஸி ஏசுவா.”

ஒரு குளிசை கைமாறும் அந்த அரை நிமிடத்துக்குள் சட்டம், மொழி, மார்க்கம் எல்லாம் இருக்கின்றன. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

ஐந்து ‘சரி’களும் மூன்று பாத்திமாக்களும்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தாதியர் பயிற்சியில் முதலில் படிப்பிக்கப்படும் ஐந்து விதிகள் இவை. சரியான பதிவு, மறுக்கும் உரிமை என்பவை பின்னர் சேர்ந்தன.

ஏட்டில் எளிது, எங்கள் ஊர் விடுதியில் அப்படியல்ல. ஒரே விடுதியில் மூன்று பாத்திமாக்கள் இருப்பது இங்கே புதினமில்லை. “பாத்திமாவா?” என்று கேட்டால் மூவரும் “ஓம்” என்பார்கள். “உங்கட பேர் என்ன, வாப்பாட பேர் என்ன?” என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே பதிலை வரவைப்பதுதான் பாதுகாப்பு. அதற்குத் தாதிக்கு நான்கு வசனம் தமிழ் வேண்டும்.

நேரமும் அப்படித்தான். நோன்பு காலத்தில் பலரின் வயிறு இயங்குவது நோன்பு திறப்பதற்கும் சஹருக்கும் இடையில். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்தை அந்த நேரங்களுக்கு மாற்றலாமா, மூன்று வேளை மருந்துக்குப் பதிலாக நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து உண்டா என்பதை வைத்தியர் தீர்மானிக்கலாம். இன்சுலினைத் தானாக மாற்றினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மார்க்கம் இதில் தடையாக இல்லை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தோலிலும் தசையிலும் நாளத்திலும் போடும் ஊசி, அது ஊட்டச்சத்துத் திரவமாக இல்லாதவரை, நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997 இல் தீர்மானித்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும், கரைந்ததை விழுங்காதவரை, அப்படியே. இதை ஒரு பள்ளிவாசல் ஜும்ஆ உரையில் சொன்னால் எத்தனையோ தலையணை உறைகள் காலியாகும்.

கூட்டுக்குளிசையின் உறை ஜெலட்டினால் ஆனது. அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின், எனொக்சாபரின் ஊசிகள் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. மாற்று மருந்து இல்லாத இடத்தில் உயிர் காக்க அனுமதி உண்டென்பதே பெரும்பான்மை உலமாக்களின் நிலைப்பாடு. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி. மரக்கறி மட்டும் உண்ணும் இந்து நோயாளிக்கும் இதே கேள்வி உண்டு. சொல்லாமல் கொடுப்பதை அவருக்குச் செய்த உதவி என்று எண்ணிவிடக் கூடாது.

சொல்லாததன் விலை

சொல்லாமல் விடுவதன் விலை என்ன என்பதை இந்த மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் குளிசை கலக்கப்பட்டதாகக் கதை கிளம்பியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. நிரந்தர மலட்டுத்தன்மையைத் தரும் அப்படியொரு குளிசை மருத்துவத்தில் இல்லவே இல்லை. ஆனால் அதைச் சொல்ல அந்த இரவில் நம்பத்தகுந்த குரல் ஒன்றும் இருக்கவில்லை.

2020 ஏப்ரலில் கொவிட்டினால் இறந்தோரின் உடல்களை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தாலும், ‘வைத்தியசாலைக்குப் போனால் மையித்துக்கூடக் கிடைக்காது’ என்ற பயம் அந்த மாதங்களில் பலரை வீட்டிலேயே வைத்திருந்தது.

தமிழ் மக்களுக்கும் இது புதிய அனுபவமில்லை. 2013 ஓகஸ்ட் மாத இறுதியில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், போதிய விளக்கமின்றிப் பெண்களின் கையில் கருத்தடை உள்வைப்பு பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போர்க்காலத்தில் மருந்தே தடைப்பட்டிருந்த மக்கள் கிடைத்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் போரோடு முடியவில்லை.

சட்டம் யார் பக்கம்?

பலருக்குத் தெரியாத ஒன்று: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் பொதுப் பதிவேடுகளின் மொழியும் தமிழ். சில பிரதேசங்களில் இரு மொழிகளையும் பயன்படுத்தப் பணிக்கவும் அதில் இடமுண்டு. அரச நிறுவனங்களில் மொழி உரிமை மீறப்பட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். மருந்து உறையில் ‘காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின்’ என்று தமிழில் எழுதுமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது.

தவறு நடந்துவிட்டால் வழி கடினம். அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். நட்டஈட்டு வழக்கும் போடலாம். ஆனால் மருத்துவ அலட்சியம் பற்றி இலங்கையில் அதிகம் பேசப்பட்ட பிரியாணி சொய்ஸா வழக்கில், அலட்சியத்துக்கும் பிள்ளையின் மரணத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2001 இல் தந்தையின் கோரிக்கையை நிராகரித்தது. தொடர்பை நிரூபிக்கப் பதிவு வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, உண்மையில் உள்ளே போனதா என்பதை எழுதுபவர் தாதி. ‘கொடுக்கப்பட்டது’ என்ற சொல் பொய்யாகிவிட்டால் நோயாளிக்கும் பாதுகாப்பில்லை, தாதிக்கும் பாதுகாப்பில்லை.

எல்லாவற்றையும் தாதியின் தலையில் கட்டவும் முடியாது. 2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றிய பின் ஓர் இளம்பெண் இறந்தபோது நாடே கொதித்தது. அதே காலத்தில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு வெளியே வந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தாதியால் பரிசோதிக்க முடியாது. ஒவ்வாமை உண்டா என்று கேட்பதும், ஊசி போட்ட பின் சற்று நேரம் பக்கத்தில் நின்று பார்ப்பதும்தான் அவரால் முடிந்தவை. ஆட்பற்றாக்குறையான விடுதியில் அந்த நேரம்தான் முதலில் காணாமல் போகிறது.

செய்யக்கூடியவை

கல்முனையில் பிரதான வீதியில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் சற்றுத் தூரத்தில் நிற்கின்றன. ஒன்று கல்முனை வடக்கு, மற்றது அஷ்ரஃப் ஞாபகார்த்தம். சனங்கள் ஒன்றைத் தமிழ் ஆஸ்பத்திரி என்றும் மற்றதை முஸ்லிம் ஆஸ்பத்திரி என்றும் சொல்கிறார்கள். பிரதேச செயலகத்துக்காகச் சண்டை பிடிக்கும் நமது அரசியல்வாதிகள் இந்த இரண்டுக்கும் பொதுவாகக் கேட்கக்கூடியவை உண்டு. மருந்து உறைகளில் தமிழ். அனுமதியின்போது ‘நோன்பு, ஒவ்வாமை, உணவு விலக்கு’ என்று மூன்று கேள்விகள். ‘மறுத்தார், காரணம்’ என்று தண்டனைப் பயமின்றி எழுத ஒரு நிரல். இடமாற்றம் பெற்று வரும் சிங்களத் தாதியருக்கு விடுதித் தமிழில் ஒரு வாரப் பயிற்சி. இவற்றுள் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது கேள்விதான். இது என்ன மருந்து? எதற்கு? எனக்குத்தானா? விழுங்காவிட்டால் என்ன ஆகும்? இந்த நான்கையும் கேட்ட ஒருவரை மிஸ்ஸி ஏசினாலும் பரவாயில்லை. ஏச்சு உடம்புக்குள் போகாது.

மூத்தம்மா இப்போது நோன்பு வருமுன்பே கிளினிக் கொப்பியோடு போய்விடுகிறார். “சஹருக்கு எது, நோன்பு திறந்தா எது?” என்று கேட்டு எழுதி வாங்கி வருகிறார்.