அடுக்கி வந்தால் தமிழா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் நான் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். "சுவாகிலி மொழியில் 'போலேபோலே' என்றால் மெல்ல மெல்ல, 'சாவாசாவா' என்றால் சரி சரி. சொல்லை அடுக்கும் இந்த வழக்கம் தமிழனிடமிருந்தன்றி ஆப்பிரிக்கனுக்கு வேறு எங்கிருந்து வந்தது?" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

என்னைத் திருத்தியவர் விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் தான்சானிய நண்பர். அவர் வாதாடவில்லை. "இங்கே கடைத்தெருவில் கேட்கும் 'கிதாப்' எங்களிடமும் உண்டு. ஒரு புத்தகம் 'கிதாபு'. பல புத்தகங்கள் என்றால்?" என்றார். நான் விழித்தேன். "விதாபு" என்றார்!

அரபியிலிருந்து வந்த சொல் அது. அதன் முதலெழுத்தைத் தம் மொழியின் ஒருமை முன்னொட்டான 'கி' என்றே கொண்டு, பன்மைக்கு 'வி' சேர்த்துவிட்டார்கள். 'கீப் லெஃப்ட்' என்ற சாலைப் பலகையிலிருந்து பிறந்த 'கிப்லெஃப்டி' (நாற்சந்தி வட்டம்) கூடத் தப்பவில்லை. பன்மையில் அது 'விப்லெஃப்டி'. பெரிய புத்தகம் விழுந்தது என்பதற்குக் 'கிதாபு கிகுப்வா கிமேஆங்குகா' என்பார்கள். பன்மையில் மூன்று 'கி'யும் 'வி' ஆகும். பெயர், அடை, வினை மூன்றும் ஒரே தலைப்பாகை கட்டிக்கொள்கின்றன. நாம் பாலையும் எண்ணையும் சொல்லின் ஈற்றில் காட்டுகிறோம். அவர்கள் தலையில் காட்டுகிறார்கள். 'பாந்து' என்ற இனப்பெயரே 'பா' என்னும் பன்மை முன்னொட்டும் 'ந்து' என்னும் பகுதியும் சேர்ந்தது. மனிதர்கள் என்று பொருள்.

இனி, நான் முழங்கிய அடுக்கு. 'அனாபிகா' என்றால் அடிக்கிறான். திரும்பத் திரும்ப அடிக்கிறான் என்பதற்கு 'அனாபிகாபிகா'. காலமும் இடமும் காட்டும் 'அனா' ஒருமுறைதான் வருகிறது. பகுதி மட்டுமே இரட்டிக்கிறது. நாமோ 'ஓடி ஓடி' என்று விகுதியோடு முழுச் சொல்லையும் அடுக்குகிறோம். ஜிம்பாப்வேயின் என்டெபெலே மொழி இன்னும் நுட்பமானது. 'நம்பிதா' என்றால் சுவைத்துப் பார். அங்குமிங்கும் சிறிது சுவைத்துப் பார் என்பதற்கு 'நம்பிநம்பிதா'. முன்வரும் படி இரண்டு அசையோடு நின்றுவிடும். குறையவும் கூடாது: உண் என்னும் 'ட்லா' ஓரசைச் சொல்லாதலால், 'யி' என்பதை இட்டு நிரப்பி 'ட்லாயிட்லா' ஆக்குகிறார்கள்.

நம் மும்மூன்று, நந்நான்கு என்பவற்றிலும் முன்படி குறுகத்தான் செய்கிறது, ஆனால் ஓரசையாக. உடனே உறவு கொண்டாடிவிடலாமா? சோற்றுப்பும் ஈயத்தின் கனிமமாகிய கலீனாவும் ஒரே படிக அமைப்பு உடையவை. ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று எந்த வேதியியல் மாணவனும் எழுதமாட்டான். சொல்லை இரட்டிப்பது உலகில் எத்தனையோ மொழிகளில் உண்டு. நாள்தோறும் நம் காதில் விழும் 'தீரே தீரே'யும் அதுதானே? அதை அன்று மேடையில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைதட்டல் வந்திராது.

இவ்வளவும் இலக்கண விளையாட்டு என்று எண்ணவேண்டாம். நம்மையெல்லாம் 'மதராசி' என்று ஒரே சொல்லில் சுருட்டுகிறவர்மீது நமக்குச் சினம் வருகிறது. உணவுக்கூடத்தில் நாம் செய்வது என்ன? 'ஆப்பிரிக்க மொழி' என்கிறோம், ஒருமையில்! பாந்துக் குடும்பத்தில் மட்டும் ஏறக்குறைய 500 மொழிகள். நைஜீரிய மாணவர் பேசும் யொரூபா அவற்றில் சேர்ந்ததே அன்று. பெயர் கேட்கக்கூட மனமில்லாத இடத்தில் பழிச்சொல் எளிதில் முளைக்கும். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் அடித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அவர்களுடைய மொழியைத் தமிழின் கிளை என்று சொல்லி அணைத்துக்கொள்வதும், என் கணக்கில், அவர்களைக் காணாமலிருப்பதற்கு இன்னொரு வழியே.

வரும் முத்தமிழ் விழாவில் அந்த நண்பருக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். சுவாகிலியைப் பற்றி அவரே பேசட்டும். தமிழில் பெயர்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.