விறகு சுமந்த மகன்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவற்றுள் மூன்றேனும் வாசிக்கப்படவேண்டும். செங்கடலைக் கடந்த வரலாற்றை எக்காரணம் கொண்டும் விடலாகாது என்பது விதி. ஆதலின், நேரத்தை முன்னிட்டுப் பல கோவில்களில் கைவிடப்படுவது இரண்டாம் வாசகம், அதாவது ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற வரலாறு (ஆதியாகமம் 22). வாசித்தாலும் சுருக்க வாசகத்தையே தெரிந்துகொள்கிறோம். அச்சுருக்கத்தில் மலைக்கு நடந்த வழி முழுவதும் விடுபட்டிருக்கிறது. தந்தையும் மகனும் பேசிய பேச்சு இல்லை; மகனின் தோளில் ஏறிய விறகும் இல்லை. பொருள் செறிந்து கிடப்பதோ அங்குதான்! பிறரைக் குறை கூறுவானேன்? நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தோம்.

அத்தகையதோர் இரவில், பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். ஆறு மாதங்களுக்கு முன்னர்தான் வளர்ந்த மகனைச் சாலை விபத்தொன்றில் பறிகொடுத்தவர். "சாமி, அந்தப் பிள்ளைக்குப் பதிலாக ஆடு வந்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லையே" என்றார். பாஸ்கா வாழ்த்துச் சொல்ல எடுத்த வாய் அடைத்துப்போயிற்று.

மறுநாள் அந்த அதிகாரத்தை முதல் வசனம் தொட்டு மெல்ல வாசிக்கலானோம்.

பெயெர்செபாவிலிருந்து யெருசலேம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மூன்றாம் நாளன்றுதான் ஆபிரகாம் அம்மலையைத் தொலைவில் கண்டார். மூன்றாம் நாள் என்றதும் கிறிஸ்தவ உள்ளம் உயிர்ப்பை நினையாமல் இராது. அம்மலைநாட்டின் பெயர் மோரியா. சாலொமோன் ஆலயம் எழுப்பியது மோரியா மலையிலேயே என்கிறது 2 நாளாகமம் 3:1. கல்வாரி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இனி விறகு. படங்களில் ஈசாக்கைப் பச்சிளம் பாலகனாகத் தீட்டுகின்றனர். தகனப் பலிக்கு வேண்டிய விறகுக்கட்டைத் தூக்கி மலையேறுவது பாலகன் செயலா? யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அவருக்கு 25 வயது என்றே எழுதினார். முதியவரான தந்தையைத் தள்ளிவிட்டு ஓடக்கூடிய வயது, ஓடவில்லை. இவ்விறகைச் சிலுவையின் முன்னடையாளமாகத் திருச்சபைத் தந்தையர் கண்டனர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் இன்னும் ஒரு படி சென்று, தகனப் பலிக்கு விறகு சுமப்பது குருவின் பணி, எனவே ஈசாக்கு பலிப்பொருளும் குருவுமாகிறார் என்றார். உரோமையில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையின் சுவரிலும் விறகு சுமக்கும் ஈசாக்கைக் காணலாம். ஆட்டுக்கடாவின் கொம்புகள் புதரில் சிக்கியிருந்ததைப் புனித அகுஸ்தீன் முள்முடியோடு பொருத்துகிறார்.

அடையாளம் தேடுவோர் எல்லை மீறுவதும் உண்டு. அடிவாரத்தில் கழுதையோடு நிறுத்தப்பட்ட வேலைக்காரர் இருவரையும், விசுவசியாத யூத மக்கள் என்று பழங்காலப் போதகர் சிலர் இழித்துரைத்தனர். இதை நாம் ஏற்பதற்கில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களைப் பற்றி உரைத்தபின் எவரும் ஏற்கலாகாது. அவர்களும் இதே அதிகாரத்தைத் தங்கள் புத்தாண்டு விழாவின் இரண்டாம் நாளில் பக்தியோடு வாசிக்கின்றனர்.

நம்மை நிறுத்திவைத்தது வேறோர் இடம். இறைவன் அழைத்தபோது ஆபிரகாம், இதோ இருக்கிறேன் என்றார். நடுவழியில் மகன், "அப்பா" என்று அழைத்தபோதும் அதே சொல்லால் மறுமொழி தந்தார். நெருப்பும் விறகும் இருக்க, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்டான். அதைக் கடவுளே பார்த்துக்கொள்வார் என்றார் தந்தை. இருவரும் சேர்ந்தே நடந்தனர் என்று வேதம் இருமுறை சொல்லுகிறது. உச்சியில் கிடைத்ததோ கடா; மகன் கேட்ட குட்டி அன்று வரவில்லை. யோர்தான் கரையில் ஸ்நாபக அருளப்பர் விரல் நீட்டிக் காட்டும்வரை அக்கேள்வி காத்திருந்தது. அந்த ஆட்டுக்குட்டியானவர் விறகு சுமந்து மலையேறியபோது தடுக்க வானதூதர் வரவில்லை, புதரில் கடாவும் இல்லை. தம் சொந்த மகனென்றும் பாராமல் கையளித்தார் என்று உரோமையருக்கு எழுதும்போது (8:32), ஆபிரகாமைக் குறித்துக் கிரேக்க ஆகமத்தில் வரும் அதே வினைச்சொல்லையே சின்னப்பர் எடுத்தாளுகிறார்.

பாஸ்கா எண்கிழமைக்குள் அத்தாயின் இல்லம் சென்று, அதிகாரம் முழுவதையும் வாசித்து, இதைச் சொன்னோம். மகன் ஏன் போனான் என்பதற்கு இது விடையன்று என்பதையும் மறைக்கவில்லை. ஆடு வராத வீட்டின் துயரம் விண்ணகத் தந்தைக்குத் தெரியும் என்று மட்டும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தப் பிள்ளையின் தாய் எங்கே, சாமி?" என்றார்.

நாம் எண்ணியிராத கேள்வி. பலியைச் சொல்லும் அந்த அதிகாரத்தில் சாராளின் பெயரே இல்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தோடு தொடங்குகிறது. வேதம் சொல்லவில்லை, அம்மா என்றோம்.

"கல்வாரியில் தாயை நிற்கவிட்டார்களே" என்றார் அவர்.

அடுத்த ஆண்டுத் திருவிழிப்பில் இரண்டாம் வாசகத்தை முழுமையாக வாசிக்கச் சொன்னோம். சில நிமிடங்கள் கூடுதலாயின. அந்தத் தாய் மாதாவின் பீடத்தருகே கையில் மெழுகுதிரியுடன் அமர்ந்திருந்தார்.