திரை இருண்டது, கணக்கு அழியவில்லை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. இடையில் ஆறே நாட்கள். இதற்கு முன் விண்டோஸ் 7-க்கு ஆதரவை நிறுத்தியதும் இப்படித்தான். 2020 ஜனவரி 14, போகிப் பண்டிகை நாள். போகிக்குப் பழசைக் கொளுத்துவது நம் வழக்கம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ! அமெரிக்காவில் உட்கார்ந்து தேதி குறிப்பவர்களுக்கு நம் பண்டிகைக் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நமக்குத் தெரியும் அல்லவா? தெரிந்திருந்தும் அந்த வாரத்தில்தான் நம்மில் பலர் பில் போடும் கம்ப்யூட்டரில் கை வைத்தோம்.

எங்கள் கடையையே முதலில் சொல்லிவிடுகிறோம். மளிகை மொத்த வியாபாரம். பில் போட இரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றை அந்தப் புதன்கிழமை இரவு கடை சாத்திய பிறகு விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மறுநாள் காலை சுவிட்ச் போட்டால் கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் வருகிறது, அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, அதற்குப் பின் திரை கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. வெளியே லோடு ஏற்ற வண்டி நிற்கிறது. வெளியூர்க் கடைக்காரர்கள் நான்கு பேர் சிட்டையும் கையுமாக நிற்கிறார்கள். வழக்கமாக வரும் சர்வீஸ்காரரைப் போனில் பிடித்தோம். “ஃபார்மேட் போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை” என்றார். நாங்களும் “சரி, வாருங்கள்” என்று சொல்லிவிட்டோம். அன்றைய நெருக்கடி அப்படி.

அந்த கம்ப்யூட்டரின் கணக்குக்குக் கடைசியாக நகல் எடுத்தது ஆடி மாதத்தில் என்று கணக்குப்பிள்ளை மெதுவாக நினைவுபடுத்தினார். ஏறத்தாழ மூன்று மாதப் பற்று வரவு அதற்குள் கிடக்கிறது. சர்வீஸ்காரர் வந்து சேர்வதற்குள், மேசையைத் துடைத்த பையன் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும் இரண்டாவது மானிட்டரின் சுவிட்சைத் தெரியாமல் அமுக்கிவிட்டான். பாஸ்வேர்டு கேட்கும் திரை அதில் பளிச்சென்று நின்றது. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மாற்றத்தின்போது அது தன் படத்தை இரண்டாவது மானிட்டருக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறது. அந்த மானிட்டரோ இரவிலிருந்து அணைந்து கிடந்தது. விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதற்குத்தான் மூன்று மாதக் கணக்கைக் கொளுத்த இருந்தோம்.

எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அதே வாரம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியின் கடையிலும் திரை வரவில்லை. ஃபார்மேட் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் புத்தம் புதிதாக எழுந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். பிறகு அவர் பாக்கிக்காரர்களிடமே போய், “நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?” என்று கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். சொல்லாதவர்களை அவர் என்ன செய்ய முடியும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். கம்ப்யூட்டர் ஃபார்மேட் ஆகிவிட்டது என்று அதிகாரியிடம் பதில் சொல்ல முடியாது.

ஆகவே, திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒரு கோளாறு, கணக்கு அழிந்துபோவது வேறொரு கோளாறு என்பதை நம் உறுப்பினர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது வந்தால் இரண்டாவது வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல கடைகளில் முதலாவதைச் சரிசெய்யப் போன அவசரமே இரண்டாவதை வரவழைக்கிறது.

படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று சிறிது தெரிந்துகொள்வது நல்லது. சுவிட்ச் போட்டவுடன் வரும் கம்பெனிச் சின்னம் விண்டோஸ் காட்டுவது அல்ல, கம்ப்யூட்டரின் போர்டே காட்டுவது. அது தெரிந்தால் மானிட்டர், கேபிள், மின்சாரம் மூன்றும் பெரும்பாலும் நலம் என்று பொருள். அதன் பிறகு விண்டோஸ் பொறுப்பேற்று, டிஸ்ப்ளே டிரைவர் என்ற சிறு மென்பொருள் வழியாகப் படம் அனுப்பத் தொடங்குகிறது. விண்டோஸுக்கும் படம் காட்டும் சிப்புக்கும் நடுவே நிற்கும் துபாஷி என்று இதைச் சொல்லலாம். பதிப்பு மாறும்போது பழைய துபாஷிக்குப் புதிய முதலாளியின் பேச்சு புரியாமல் போவது உண்டு. சின்னம் வந்து, பிறகு இருண்டால் சந்தேகம் முதலில் இவர் மேல்தான் போக வேண்டும். சின்னமே வரவில்லை என்றால் வேறு கதை. கேபிள் கழன்றிருக்கலாம், மெமரி தளர்ந்திருக்கலாம், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை போர்டில் உள்ள துளையில் செருகியிருக்கலாம்.

இருண்ட திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உயிர் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ என்ற இரண்டாவது எழுத்தை அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். முன்னே சொன்ன ‘பி’ பதினாறாவது எழுத்து, இது வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும் தொல்லை இது! கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்திப் பாருங்கள், டாஸ்க் மேனேஜர் வழியாகப் பல நேரம் உள்ளே போய்விடலாம். திரை துடித்துக்கொண்டே இருந்தால் அந்த டாஸ்க் மேனேஜரைத் திறந்து கவனியுங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர் குற்றம். அது நிலையாக நின்று மற்றவை துடித்தால் ஏதோ ஒரு புரோகிராம் குற்றம். எழுத்துகள் பூதாகாரமாகத் தெரிந்தால் சரியான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் தன் சாதாரண டிரைவரை வைத்து ஒப்பேற்றுகிறது என்று பொருள். பில் போடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

இவற்றுக்கும் மசியாவிட்டால் சேஃப் மோட். அந்த நாளில் எஃப் 8 பொத்தானைத் தட்டினால் வந்துவிடும். விண்டோஸ் 10, 11-இல் அது சாதாரணமாக வேலை செய்வதில்லை. தொடங்குவது இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் பழுதுபார்க்கும் திரை தானாகவே வரும். அதற்குள் சேஃப் மோடும் உண்டு, பழைய பதிப்புக்கே திரும்பும் வழியும் உண்டு. மாற்றிய 10 நாட்களுக்குள் இப்படித் திரும்பலாம், பழைய விண்டோஸை அதுவரை ஒரு மூலையில் வைத்திருக்கும். இந்த 10 நாள் சலுகை நம் சர்வீஸ்காரர்கள் சிலருக்கே தெரியவில்லை என்பது வருத்தமான விஷயம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பதிப்பு மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே திரை சிறிது நேரம் இருண்டு, கம்ப்யூட்டர் பலமுறை தானாக அணைந்து எழும். சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இது மணிக்கணக்கில் நீளும். அப்போது பொறுமை இழந்து சுவிட்சை அணைப்பது நாமே வினையைத் தேடிக்கொள்வதாகும். யு.பி.எஸ். பாட்டரி ஐந்து நிமிடம் தாங்காத கடையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு புதுத் தொல்லை பிட்லாக்கர். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்பதால் அதை இயக்க போர்டின் அமைப்புகளை மாற்றுகிறார்கள். டிஸ்க் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால் மறுநாள் நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கம்ப்யூட்டரைப் பதிவு செய்தார்களோ அவர் கணக்கில் இருக்கும். பல கடைகளில் அந்தக் கணக்கு முதலாளியுடையது அல்ல, எப்போதோ வேலையை விட்டுப் போன பையனுடையது! இந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் கணக்கை எடுக்க முடியாது. பூட்டு இல்லாத டிஸ்க் என்றால் அப்படிக் கழற்றி மாட்டி முழுக் கணக்கையும் நகல் எடுத்துவிடலாம். திரை வராத கம்ப்யூட்டரில் முதலில் நடக்க வேண்டிய வேலையும் அதுதான்.

இத்தனை வம்பு எதற்கு, பழையதிலேயே ஓட்டுவோம் என்று சில பெரியவர்கள் கூட்டத்தில் சொன்னார்கள். அவர்கள் மீது மரியாதை உண்டு, ஆனால் இதில் நாம் ஒத்துப்போக இயலாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. பில் போடும் அதே கம்ப்யூட்டரில் பாங்கு வேலையும் பார்க்கிறோம். திருத்தம் வராத கம்ப்யூட்டரில் அதைச் செய்வது கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது போன்றது. ஆனால் ஒருவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் கடையில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. அதில் இத்தகைய பழைய 16-பிட் புரோகிராம்கள் நேரடியாக ஓடா. அவர் முதலில் மாற்ற வேண்டியது பில்லிங் புரோகிராமை, விண்டோஸை அல்ல.

சர்வீஸ்காரர்கள் மீது மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. ஃபார்மேட் என்பது அவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகிவிட்டது உண்மை. அப்படி ஆக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. வந்தவரை உட்காரக்கூட விடாமல் “ஒரு மணி நேரத்தில் முடியுங்கள்” என்கிறோம், கொடுப்பதையும் பேரம் பேசிக் குறைக்கிறோம். டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க நாம் தயாரில்லை என்றால் அவர் ஏன் செய்வார்? எடைத்தராசுக்கு முத்திரை வைக்கச் செலவு செய்கிறோம், லாரிக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். கணக்கின் நகலுக்கு மட்டும் கை வருவதில்லை.

நம் சங்கம் இதில் இரண்டு காரியங்கள் செய்யலாம் என்று கருதுகிறோம். சர்வீஸ் ஒப்பந்தத்துக்கு ஒரு பொது மாதிரி அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கணக்கை நகல் எடுத்து, அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, முதலாளியிடம் கையெழுத்து வாங்காமல் எந்த டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்யக்கூடாது என்ற வரி அதில் இருக்க வேண்டும். நகல் எடுக்கும் வேலைக்குத் தனிக் கூலியும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும். அடுத்து, டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதற்கான கேபிள் பெட்டி ஒன்றும், நல்ல நிலையில் உள்ள பழைய மானிட்டர் ஒன்றும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். திரைக் கோளாறு என்று வரும் உறுப்பினர், மானிட்டர் கெட்டதா கம்ப்யூட்டர் கெட்டதா என்று முதலில் இதை மாட்டிப் பார்த்துவிடலாம். பெரிய செலவில்லை.

தேதி விஷயத்தையும் இப்போதே பேசிவிட வேண்டும். விண்டோஸ் 10-க்குத் தனிநபர் கணக்கில் ஓராண்டு நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்டபடி 2026 அக்டோபர் 13 கடைசி நாள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. மறுபடியும் சீசன் நேரத்தில்தான் வந்து நிற்கிறது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில், ஒரு கடையில் ஒரு கம்ப்யூட்டர் என்ற கணக்கில், மற்றொன்றை 10 நாட்கள் தொடாமல் வைத்து மாற்றிக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆடித் தள்ளுபடி நடத்தும் ஜவுளிக்கடை நண்பர்கள் மட்டும் ஆனியிலேயே முடித்துக்கொள்ளட்டும்.