நாடியில் தையல் போட்டால் போதுமா?

பிள்ளை விழுந்து நாடி கிழிந்துவிட்டால் நாம் என்ன செய்கின்றோம்? கோப்பித்தூளை அப்பிக்கொண்டு (அதைச் செய்யவேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கின்றோம்!) பக்கத்து மருந்துச்சாலைக்கு ஓடுகின்றோம். நான்கு தையல் போடுவார்கள், ஏற்பு ஊசி போடுவார்கள். தையல் வெட்டியதும் அந்தச் சம்பவத்தையே மறந்துவிடுகின்றோம்.

காணி பூமியை விட்டு இடம்பெயர்ந்து எல்கடுவைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பையனுக்கும் ஐந்து வயதில் இதுதான் நடந்தது. வாயைத் திறந்து காட்டு என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. எட்டு வயதில் அவனது பற்களுக்கிடையே தேக்கரண்டியின் நுனிகூடப் போகவில்லை. கரைத்த சோற்றை உறிஞ்சித்தான் குடித்தான். நாடி வளராமல் பின்வாங்கியிருந்தது. இரவில் மூச்சுத் திணறியது. பாடசாலையில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை எழுத எமக்கு மனமில்லை.

முகத்தில் விழும் அடி, விழுந்த இடத்தோடு நிற்பதில்லை. 1901இல் ரெனே லெ போர் என்ற பிரான்சிய வைத்தியர் இறந்தோரின் தலைகளில் அடித்து ஆராய்ந்து, மேல்தாடைப் பகுதி மூன்று கோடுகளின் வழியே உடைகின்றது என்று காட்டினார். வைத்தியர்கள் இன்றும் அவர் பெயராலேயே அவற்றை அழைக்கின்றனர். கீழ்த்தாடையிலும் இப்படித்தான். நாடியில் பட்ட அடி எலும்பு வழியே ஏறி, காதுக்கு முன்னாலுள்ள மூட்டைத் தாக்குகின்றது. சிறு பிள்ளைகளில் அங்கே கசிந்த இரத்தம் காலப்போக்கில் எலும்பாக இறுகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டவைத்துவிடலாம். வலிக்கின்றதே என்று பிள்ளை வாயை அசைக்காமல் இருப்பது இதற்கு இன்னும் வழிவிடுகின்றது.

ஆகையால் பெற்றோரே, நாடியில் காயம் என்றால் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவனது மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போகவேண்டும். தாடை ஒரு பக்கம் இழுத்தால், பற்கள் முன்போலப் பொருந்தாவிட்டால், காதில் இரத்தம் வந்தால், எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் வாய், முக அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் இருக்கின்றார்கள்.

அந்தப் பையனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒட்டிய எலும்பை வெட்டினார்கள், வாய் திறந்தது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் இந்நோய்க்கான சிகிச்சை முறையை 1990இல் வகுத்து வெளியிட்ட அமெரிக்க நிபுணர் கபானும் அவரது தோழர்களும், கத்தி வைப்பதற்குக் கொடுத்த அதே முக்கியத்துவத்தைப் பிந்திய பயிற்சிக்கும் கொடுத்தார்கள். மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே செருகி, அழுதாலும் விடாமல், நாளுக்குப் பலமுறை, மாதக்கணக்கில் வாயைத் திறக்கவேண்டும். தவறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தாயார் கைக்காசுக்கு வேலை செய்பவர். வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாது. வத்தேகமைக்குப் போய், கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், பஸ் இலவசமல்ல. இரண்டு தடவை போனார்கள். பிறகு போகவில்லை. வாய் மறுபடியும் இறுகத் தொடங்கிவிட்டது.

தாயைக் குறைசொல்வோர் உண்டு. நாம் அவர்களோடு இல்லை. அறுவைச் சிகிச்சைக்கென்று பணம் சேர்த்தவர்கள் நாமே. ஒரே நாளில் அதைச் செலவழித்துவிட்டு, பின்வந்த மாதங்களுக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை. உதவி செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பழக்கம் இருக்கின்றது. கத்திக்குப் பணம் கிடைக்கும், குச்சிக்குக் கிடைக்காது. ஆராய்ச்சி நூல்களிலும், பாதியில் நின்றுபோன நோயாளரைத் ‘தொடர்ந்து வராதோர்’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகின்றார்கள். ஏன் வரவில்லை என்று அவர்களின் வாசலுக்குப் போய்க் கேட்பதும் ஆராய்ச்சிதானே?

இப்போது ஆறு மாதத்துப் பஸ் செலவைத் தனியாக எடுத்து வைத்திருக்கின்றோம். வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் தாயாருக்குக் கூலியை வெட்டவேண்டாம் என்று வேலை கொடுப்பவரிடம் கடிதமும் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.