நாய்க்கு எதற்குப் பத்திரம்?

"நாய்க்குட்டி வாங்கக்கூடப் பத்திரமா ஸ்வாமி?" என்று என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நம் பாட்டனார்கள் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசினார்கள், சொன்ன சொல் தவறியதில்லை என்று பழம்பெருமையும் பேசுகிறார்கள்.

அதில் பாதிதான் உண்மை. கன்றை வாரத்துக்கு விட்டவனும் வாங்கி வளர்த்தவனும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள். ஏமாற்றியவன் மறுநாள் எந்தத் திண்ணையில் போய் உட்காருவான்? ஊரே பத்திரமாக இருந்தது. தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று நான் சென்னையில் இருக்கிறேன். குட்டி விற்பவர் 500 கிலோமீட்டருக்கு அப்பால். எங்களுக்குள் இருக்கும் ஒரே திண்ணை டெலிபோன். அதுவும் அவர் எடுத்தால் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் வெள்ளை ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினேன். "நம்ம வாய்ச்சொல்லுக்கு மேல பத்திரமா அண்ணாச்சி?" என்றார் விற்றவர். எனக்கும் கூச்சமாகிவிட்டது. காகிதம் கேட்டால் அவரைத் திருடன் என்று சொல்வதுபோல் ஆகாதா?

நாலாம் நாள் சமையலறையில் அண்டா மூடி விழுந்தது. வீடே துள்ளியது. குட்டியின் தூக்கம் கலையவில்லை.

தூய வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியை வாங்கும் அணுக்கள் பட்டுப்போகின்றன. கூடப் பிறந்தவைகளோடு இருக்கும்வரை இது தெரியாது. அவை எழுந்தால் அதுவும் எழும், ஓடினால் ஓடும். தனியாகப் பிரித்த பிறகுதான் வெளிச்சமாகும். எனக்குத் தெரியாது, சரி. பரம்பரையாக வளர்ப்பவருக்கா தெரியாது? டெலிபோனில் கேட்டேன். "வீட்டுல வெடி வெடிச்சிருப்பீங்க" என்றார். அத்தோடு சரி.

அதே ஈற்றில் இன்னொன்றை என் பேச்சைக் கேட்டு ஒரு நண்பர் வாங்கியிருந்தார். அதுவும் செவிடு. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நண்பருக்கும் வைத்துக்கொள்ள மனமில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டார். ஹாரன் கேட்காத ஜீவன் சாலையில் எத்தனை நாள் பிழைக்கும்? ஒன்பது நாள். என்னுடையது தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டு, இதை எழுதும்போது மேஜையடியில் கிடக்கிறது.

"காகிதம் இருந்திருந்தால் காது கேட்டிருக்குமா?" என்கிறார் ஒரு வக்கீல். கேட்டிருக்காது. ஆனால், 'இரண்டு காதும் சோதிக்கப்பட்டன. குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன்' என்று கையெழுத்துப் போட வேண்டியவர், போடுவதற்கு முன் சோதிப்பார். அதே ஜோடியை மறுபடி சேர்க்கவும் யோசிப்பார். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வாய்மொழியையும் ஏற்கிறதே என்கிறார் வக்கீல். ஏற்கிறது ஐயா, நிரூபிக்கும்போதல்லவா வாய் அடைத்துப்போகிறது! எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017-இல் மத்திய அரசு விதியே வகுத்திருக்கிறது. என் குட்டிக்கு வாய்மொழி வயது இரண்டு மாதம். பல்லைப் பார்த்த டாக்டர் ஆறு வாரம்கூட இராது என்றார்.

நாய் பழக்குகிறவர்கள் சமாசாரம் இதற்கும் ஒரு படி மேலே. மூன்று மாதம் கூட்டிப்போய்ப் பழக்குவதாகப் பணம் வாங்குகிறார்கள். அடித்துப் பழக்குவார்களா, தின்பண்டம் கொடுத்தா, நடுவில் போய்ப் பார்க்கலாமா என்று எவர் எழுதித் தருகிறார்? திரும்பி வரும் நாய் நாம் கையைத் தூக்கினாலே பதுங்குகிறது. அதற்கு 'ஒழுக்கம்' என்று பெயர் வைத்து, பாக்கியையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன வருஷம், சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் நான் எழுதிய ஒரு பக்கக் காகிதத்தை நீட்டினேன். கோபித்துக்கொள்வார் என்றே நினைத்தேன். நிதானமாக இரண்டு தரம் படித்தார். என் பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'வளர்க்க முடியாமற்போனால் என்னிடமே கொண்டுவந்து விட வேண்டும், தெருவில் விடக்கூடாது.'

"மொதல்ல இதுக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க தம்பி" என்றார்.

போட்டேன்.