வெளியே மைனஸ் 20 டிகிரி... உள்ளே பச்சைப் பசேல் கீரை! லடாக்கின் மண்சுவர்த் தோட்டங்கள்

ஜனவரி மாதத்து லே. வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும். இரவில் மைனஸ் 20 டிகிரி என்பது அங்கே செய்தியே அல்ல. சுற்றியுள்ள கிராமங்களில், வீட்டை ஒட்டிய தாழ்வான மண்கட்டடத்துக்குள் குனிந்து போகும் பெண்கள், வெளியே வரும்போது கையில் ஒரு கட்டு பாலக்கீரையும் கொத்தமல்லியும் வைத்திருப்பார்கள்.

உள்ளே ஹீட்டர் கிடையாது, கரன்ட் கிடையாது. எல்லாம் வெயில்தான்!

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய 100 மி.மீ. ஆனால், குளிர்காலத்திலும் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். அதனால், இந்தப் பசுமைக்குடிலின் தெற்குப் பக்கத்தை மட்டும் பாலித்தீன் ஷீட்டால் மூடுகிறார்கள். மற்ற மூன்று பக்கமும் கனமான மண்செங்கல் சுவர்கள். இரட்டைச் சுவராக எழுப்பி, நடுவில் வைக்கோலைத் திணித்துவிடுவதும் உண்டு. பின்சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு வண்ணம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த அந்தச் சுவர், ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வெளியே விடும். மண், கல், வைக்கோல், கூரைக்கு பாப்லர் மரம் என எல்லாமே ஊரிலேயே கிடைப்பவை. பாலித்தீன் ஷீட்தான் வெளியிலிருந்து வர வேண்டும்.

இந்த வடிவமைப்பைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றதில் ஜெரெஸ் என்ற பிரான்ஸ் தொண்டு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக 2009-ல் ஆஷ்டன் விருதும் கிடைத்தது.

அதற்கு முன்பு? பனியில் மலைப்பாதைகள் மூடிவிட்டால், குழியில் புதைத்துவைத்த முள்ளங்கி, உருளைக்கிழங்கு, டர்னிப்தான் மாதக்கணக்கில் சாப்பாடு. விமானத்தில் வரும் காய்கறிக்கு விலை எகிறும். இன்று வீட்டுக்குப் போக மிஞ்சும் கீரையைச் சந்தையில் விற்று, பனிக்காலத்திலும் நாலு காசு பார்க்கிறார்கள் பெண்கள்.

கீரைப் பிரச்னை இப்படித் தீர்ந்தாலும், வயலுக்குத் தண்ணீர்ப் பிரச்னை வேறு. அங்கே ஒரே ஒரு போகம்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தாக வேண்டும். ஆனால், உயரத்தில் இருக்கும் பனிப்பாறை உருகி நீர் இறங்க ஜூன் ஆகிவிடும். விதைப்பு தள்ளிப்போனால், பார்லி முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் செவாங் நோர்பெல். அரசுப் பணியில் இருந்த சிவில் இன்ஜினீயர். குளிர்காலத்தில் குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைச் சொட்டவிடுவது அங்கே வழக்கம். அப்படி ஒழுகிய நீர், மரநிழலில் ஒரு பனித்திட்டாக உறைந்திருப்பதைக் கவனித்தார். வீணாகும் குளிர்கால ஓடை நீரை ஊருக்கு மேலே நிழலான பள்ளத்தாக்குக்குத் திருப்பி, கல்தடுப்புகளால் வேகத்தைக் குறைத்து உறையவைத்தார். தாழ்வான இடம் என்பதால், இந்தச் செயற்கைப் பனிப்பாறை சரியாக விதைப்பு நேரத்தில் உருகும். 2015-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக்கின் கூம்பு வடிவ 'ஐஸ் ஸ்தூபி'யும் இதே யோசனையின் அடுத்த கட்டம்தான்.

சரி, உரம்? இதைப் படிக்கும்போது சிலர் முகம் சுளிக்கலாம். லடாக்கின் பழைய வீடுகளில் கழிவறைக்குத் தண்ணீரே கிடையாது. மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண்ணும் சாம்பலும், ஒரு மண்வெட்டி. போனவர் மண்ணைத் தள்ளிவிட்டு வர வேண்டும். கீழறையில் சேர்வது மக்கி, வாடையில்லாத உரமாக வயலுக்குப் போகும். அந்த வறண்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் விளைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சிக்கல் இங்கேதான். சுற்றுலாப் பயணிகள் ஃப்ளஷ் டாய்லெட் கேட்கிறார்கள். அதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் போகிறது. வயலுக்குப் போக வேண்டிய உரமோ செப்டிக் டேங்க்கில் முடங்குகிறது. வருமானத்தை விடவும் முடியாது, வயலை விடவும் முடியாது. அதனால் சில வீடுகளில் இரண்டையுமே வைத்திருக்கிறார்கள்... விருந்தாளிகளுக்கு ஃப்ளஷ், வீட்டாருக்கு மண்வெட்டி!